டில்லிக்குப் போன என் கடிதங்கள்

போன நவம்பரில், கிள்ளானில் இருக்கிற என் அப்பக்கடைக்கு ஐந்து நாள் பூட்டுப் போட்டுவிட்டு டில்லிக்குப் போனேன். அங்கே பூஜா என்று ஒரு பிள்ளை, பன்னிரண்டு வயது. ஐந்து வருஷமாக ஒரு தொண்டு அமைப்பு மூலம் அவள் படிப்புக்கு மாதம் எண்பது ரிங்கிட் கட்டி வருகிறேன். நேரில் பார்க்க அனுமதி வந்ததும், "அந்தப் புள்ள உன் வாயைத் தாங்குமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முப்பது வருஷமாகத் தாங்கவில்லையா?

கோலாலம்பூரிலிருந்து ஐந்தரை மணி நேரம். விமான நிலையத்திலிருந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் என் விடுதிக்குப் பதினைந்து கிலோமீட்டர், டாக்சிக்கு 480 ரூபாய். (மார்க்கெட்டில் தோசை மாவு கிடைக்கிறது. என் மாவுக்கு முன்னால் அது நிற்காது.) மறுநாள் அமைப்பின் அலுவலகத்துக்கு ஆட்டோ. நான்கு கிலோமீட்டருக்கு இருநூறு கேட்டார். "பையா, ஆட்டோவையே விக்கிறீங்களா?" என்று கையால் நடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு நூறுக்கு வந்தார்.

சந்திப்பு பத்தரைக்கு, ஒரு மணி நேரம். பூஜாவும் அவள் அம்மாவும் நாற்காலி நுனியில். நடுவில் ஒரு அதிகாரியம்மா. நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவர் ஹிந்தியில் சொல்வார். விதியாம். என் ஆங்கிலம் கடையில் மிச்சக்காசு கொடுக்கிற அளவுக்குத்தான். பிள்ளை தலையே நிமிரவில்லை, கண்ணில் தண்ணீர். அப்போது அம்மா அவள் காதில் கிசுகிசுத்தார்: "அழாதடி. கணக்குல ஃபெயிலானத மட்டும் சொல்லிடாத."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா, நீங்க தமிழா?"

"விழுப்புரம் பக்கம்க்கா. இங்க கிட்வாய் நகர்ல வீட்டு வேல செய்யறேன்."

ஐந்து வருஷம்! நான் தமிழில் சொல்ல, என் மருமகள் ஆங்கிலத்தில் எழுத, அமைப்புக்காரர்கள் ஹிந்தியாக்கி ஒரு தமிழ் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஃபெயிலானா என்னடி? அதுக்கா அழுவற?"

"பைசா நிறுத்திடுவீங்கல்ல ஆண்ட்டி. எல்லா லெட்டர்லயும் நல்லா படி, நல்லா படின்னுதான் இருந்துச்சு. ரொம்ப குஸ்ஸா ஆண்ட்டின்னு நெனச்சேன்."

கோபக்காரியாம் நான்! நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடி வந்தவள் யாரையாவது படி என்பேனா? கூரையில் காத்திருந்து அப்பம் திருடுகிற காக்கா, தன் குறட்டைக்குத் தானே எழுந்து "யாரது?" என்கிற வீட்டுக்காரர் என்று பக்கம் பக்கமாக அனுப்பினேன். அதிகாரியம்மாவிடம் கோப்பைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டே வரி ஹிந்தி. கேட்டால், "நிறையக் கடிதங்கள் மேடம், முக்கியமானதை மட்டும் மொழிபெயர்ப்போம்" என்றார். எது முக்கியம் என்று முடிவு செய்ய இவர் யார்? காக்காவை வெட்டிவிட்டு, நான் சொல்லாத புத்திமதியை என் பேரில் போட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

மறுபடி விதியைச் சொன்னார். "நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள், நாங்கள் தமிழில்தான் பேசுவோம்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மீதி முப்பத்தைந்து நிமிடமும் காக்கா கதையும், நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டின கதையும்தான். குறட்டையை நடித்தபோது பூஜா நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள்.

"ஃபெயிலானாலும் காசு வரும்டி. பாஸானா அப்பம் வரும்."

"அச்சா, காக்கா சாப்ட்டது போக மிச்சம் இருந்தா குடுங்க" என்றாள்.

இப்படிப் போகிறவர்கள் தங்கள் கடிதங்களுக்கு நகல் எடுத்துப் போங்கள். பிள்ளை வீட்டில் என்ன மொழி என்று முதல் மாதமே கேளுங்கள். நான் கேட்கவில்லை. அமைப்பு மேல் எனக்கு வந்த கோபத்தில் கால்வாசி எனக்கே சேரும். தமிழ்க் கடிதத்தை அப்படியே கொடுப்போம் என்று எழுதி வாங்கிய பிறகுதான் அலுவலகத்தை விட்டு வந்தேன்.

போன வாரம் பூஜாவின் கடிதம் வந்தது. அம்மா சொல்லிக் கொடுத்த எழுத்து, கோணல்மாணலாக இரண்டே வரி:

"ஆண்ட்டி, நாலாங்கிளாஸோட நிறுத்திட்டீங்களே. நல்லா படிங்க."