உள்ளே கிடப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்

சென்ற ஆண்டு வைகாசியில் எனது இடது இடுப்பெலும்பில் வலி தொடங்கியது. நான் வன்னியில், வட்டக்கச்சியில் வயல் செய்கிறவன். வரம்பில் வழுக்கியதாக்கும் என்று எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தேன். ஆடி பிறக்கும்போது படுத்தால் எழும்ப முடியவில்லை. வவுனியாவில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. ஊசியால் எலும்பில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அதிலும் முடிவில்லை. புற்றுநோயாக இருக்கலாம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. உடைந்துபோனேன். மனைவி வசந்தி எனக்குத் தெரியாமல் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுதாள்.

கொழும்புக்கு அனுப்பினார்கள். நோயுள்ள இடம் எம்.ஆர்.ஐ. படத்தில்தான் சரியாகத் தெரியும், அந்த இயந்திரத்திலேயே என்னைப் படுக்கவைத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, காந்தம் இழுக்காத தனி ஊசியைக் கொண்டுபோவோம் என்று டொக்டர் விளக்கினார்.

உள்ளே போகுமுன் தமிழ் பேசும் தாதி ஒருவர் படிவத்தோடு வந்தார்.

"ஐயா, உடம்புக்குள்ள இரும்புத் துண்டு ஏதும் இருக்கோ? உள்ள பெரிய காந்தம்."

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

பச்சைப் பொய். இறுதி யுத்தத்தில் பட்ட ஷெல் துண்டு ஒன்று வலது தோளுக்குள் கிடக்கிறது. சோதனைச் சாவடியிலும் முகாமிலும் காயம் இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லியே பழகிய வாய் இது. இருக்கிறது என்றால், எங்கே பட்டது, இயக்கத்தில் இருந்தாயா என்று அடுத்த கேள்வி வரும். பேனையும் கடதாசியுமாக யார் வந்தாலும் என் வாய் தானாக மறுத்துவிடும்.

கட்டிலில் கிடந்தபடி எங்கள் ஊர் அம்மனை நினைத்துக் கண்ணை மூடினேன். "அம்மாளாச்சி, எனக்குள்ள கிடக்கிறதை இவையளுக்குக் காட்டணை தாயே" என்று கும்பிட்டேன். கிடப்பதை மறைத்துப்போட்டு, கிடப்பதைக் காட்டு என்று கேட்கிறேனே! வெட்கமாக இருந்தது. பயமும் பிடித்தது. கட்டிலைத் தள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

"பிள்ளை, நிப்பாட்டுங்கோ! இருக்கு. தோளுக்குள்ள ஷெல் துண்டு."

தாதி கட்டிலைப் பிடித்து நிறுத்தினார். நான் பல வருடம் பயந்திருந்த அடுத்த கேள்வியும் வந்தது.

"இப்பவும் நோகுதோ ஐயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று ஊசி போடவில்லை. தோளை எக்ஸ்ரே எடுத்தார்கள். துண்டு தசைக்குள்தான் இருக்கிறது, பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் இல்லை என்று கண்டார்கள். பல டொக்டர்கள் கூடிக் கதைத்து, கவனமாகச் செய்யலாம் என்று மூன்றாம் நாள் முடிவெடுத்தார்கள். தோள் சுட்டால் அமத்தச் சொல்லிக் கையில் மணியொன்று தந்தார்கள். இயந்திரம் தகரத்தில் தட்டுவது மாதிரிச் சத்தம் போட்டது. "ஊசி இடம் தவறக்கூடாது தாயே." வேறொன்றும் கேட்கவில்லை. மணியை அமத்தவும் தேவை வரவில்லை.

சில வாரத்தில் முடிவு வந்தது. எலும்பில் காசநோய். புற்றுநோய் இல்லை. மாத்திரையால் குணமாகும் வருத்தம். வசந்தி ஆஸ்பத்திரி வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள். இந்தக் காலபோக நெல் விதைப்புக்கு நானே வயலில் இறங்கினேன்.

டொக்டர்மாரின் திறமைதானே என்பார்கள். ஓம், அவர்களையும் கும்பிடுகிறேன். ஆனால் அந்தக் கட்டிலில் என் வாயைத் திறக்கவைத்தவள் அம்மாளாச்சி. எங்கள் வன்னியில் இப்படித் துண்டோடு திரிகிறவர்கள் எத்தனையோ பேர். உடம்பிலோ மனதிலோ எதை மறைத்து வைத்திருந்தாலும் முதலில் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் கோபிக்கமாட்டாள். அவளுக்கு முன்னாலேயே பொய் சொன்ன என்னைக்கூட அவள் கோபிக்கவில்லை.