முதுகோடு முதுகாக

சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த மாலை நேர ஆங்கிலப் பள்ளியில் அவளுக்குக் 'கூத்து டீச்சர்' என்று பெயர். வைத்தவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. அடுத்த அறையில் பாடம் நடந்தால் ஊசி விழுகிற சத்தம் கேட்கும். இவள் அறையில் பாடம் நடந்தால் இடி விழுந்தாலும் கேட்காது.

பகலெல்லாம் உழைத்துவிட்டு ஆங்கிலம் கற்க வருகிற பெரியவர்கள்தான் அவளுடைய மாணவர்கள். அவர்களை இரண்டிரண்டு பேராக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வைப்பாள். ஒருவர் கையில் ஓர் அறையின் படம், மற்றவர் கையில் வெறும் தாள். இவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் கேட்டு வரைய வேண்டும். புரியாவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். திரும்பிப் பார்க்கக் கூடாது. வரைகிறவர் அந்தப் படத்தை முன்னாலேயே பார்த்திருக்கவும் கூடாது. பார்த்துவிட்டால் போச்சு, பேச்சுக்கே வேலை இல்லை! அதனால் ஒவ்வொரு முறையும் சமையலறை மேசையில் உட்கார்ந்து புதுப் படம் வரைவாள். "இந்தப் பூனைக்கும் சேர்த்து சமைக்கணுமா?" என்று படத்தில் இருக்கிற பூனையைக் காட்டிக் கணவர் கேலி செய்வார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் உண்டு. படிக்கிற காலத்தில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய அம்மணிதான் இவள். முதன்முதலாக வேலைக்குப் போன இடத்தில் கழிவறை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்க நாக்கு எழவில்லை. மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்னிடம் படிப்பவர்கள் எவருக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த அறையின் இலக்கண ஆசிரியை வயதில் மூத்தவள். இவள் வாய் நிறைய 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஒரே அலமாரியில் இருவருடைய பொருள்களும் கிடக்கும். வீட்டுக் கதை, வயிற்றுவலிக் கதை எல்லாம் அக்காவிடம்தான். அப்படி இருக்கும்போது பள்ளி நிர்வாகி ஒரு குண்டைப் போட்டார். இனி ஓர் ஆசிரியைதான். இருவர் வகுப்பையும் ஒருநாள் வந்து பார்ப்பேன், ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வேன் என்றார்.

"நமக்குள்ள என்னடி போட்டி? யாருக்குக் கிடைச்சாலும் சந்தோஷம்தான்" என்றாள் அக்கா.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனசு இவளுக்கு. நம்பினாள். நிர்வாகி வரும் நாளுக்காக வரைந்த படத்தை அக்காவிடம் மட்டும் காட்டி, அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நிர்வாகி வந்து, மாணவர்களில் ஒருவரான ரொட்டிக் கடைக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்றார். ரொட்டிக் கடைக்காரரின் முதுகில் முதுகை ஒட்டியிருந்த டிரைவர், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமி, அறையில் ஒரு மேசை இருப்பதாக ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். பாவம், மனிதர் மேசையையே முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் ரொட்டிக் கடைக்காரரின் பென்சில் மேசை, அதன் அடியில் பூனை, கதவுக்குப் பின்னால் குடை என்று எல்லாவற்றையும் போட்டுவிட்டது.

டீச்சர் ஒவ்வொரு தாளாக எட்டிப் பார்த்தாள். எல்லாத் தாளிலும் அதே பூனை, அதே குடை. தையல்கார அம்மா வரைந்தே முடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

"வகுப்பு பார்க்கத்தான் வந்தேன்னு நினைச்சேன் மேடம். நாடகம்னு சொல்லவே இல்லையே" என்றார் நிர்வாகி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"யாரு காட்டினா இந்தப் படத்த?" என்று மாணவர்களிடம் கேட்டாள் டீச்சர்.

"நீங்கதானே டீச்சர் அக்காவ அனுப்பி வெச்சீங்க?" என்றாள் தையல்கார அம்மா. "நேத்து வகுப்பு முடிஞ்சு நீங்க போனப்புறம், நாங்க கிளம்புறதுக்குள்ள படத்த எடுத்துட்டு வந்தாங்க. நல்லாப் பார்த்து வரைஞ்சு பழகிக்கோங்க, டீச்சர் பேரக் காப்பாத்துங்கன்னு சொன்னாங்க. நான் வீட்லயும் போய் வரைஞ்சு பார்த்தேன்."

இவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? "நல்லா வரைஞ்சிருக்கீங்கம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

வேலை அக்காவுக்குக் கிடைத்தது. கூத்து டீச்சரின் மாணவர்களையும் அக்காவே பார்த்துக்கொள்வாள் என்று அறிவித்துவிட்டார்கள். அன்று ஆசிரியர் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"உனக்கு நல்லதுன்னு நினைச்சுத்தான்…"

"சும்மா இருங்கக்கா! இத்தனை வருஷமா பாடம் நடத்தறீங்க. படத்தப் பார்த்தவங்க காதக் குடுக்க மாட்டாங்க, நிர்வாகி கண்டுபிடிச்சிடுவார்னு உங்களுக்குத் தெரியாதா? அதுவும் என் பேரச் சொல்லியே செஞ்சிருக்கீங்க!"

அக்கா சிறிது நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுத்தமாக இருந்த மேசைதான்.

"உனக்கு வீட்ல இன்னொரு சம்பளம் வருது. எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

"அதச் சொல்லியிருக்கலாமே! நானே நிர்வாகிகிட்ட போய் எனக்கு வேண்டாம், அக்காவுக்குக் குடுங்கன்னு சொல்லியிருப்பேனே!"

"சொல்லியிருப்ப. எனக்குத் தெரியும்." அக்கா முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் காலம் பூரா நீ போட்ட பிச்சையில நான் உக்காந்திருக்கணும். கேட்டு வாங்கினா அது நீ குடுத்தது. இது நானா எடுத்துக்கிட்டது."

கூட இருந்தே குழி பறித்தவளைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம் போல இருந்தது. தன் அன்பை இத்தனை நாளும் பிச்சை என்று எண்ணிக்கொண்டே சிரித்துப் பேசியிருக்கிறாளே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அக்காவின் முன்னால் அழக் கூடாது என்று பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வாசல் வரைக்கும் போனவளை அக்கா கூப்பிட்டாள்.

"ஏய், அந்தப் படங்களை எல்லாம் இங்கயே விட்டுட்டுப் போறியா? புதுசா சேர்றவங்க அதையெல்லாம் பார்த்ததில்ல. வகுப்புக்கு ஆகும்."

அவள் திரும்பாமலே சொன்னாள்.

"கேக்காதீங்கக்கா. கேட்டா நான் குடுத்ததா ஆயிடும். எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.