கதவைச் சாத்தவிடாத டீச்சர்

என் கடைசிக் கொழுந்தனுக்கு மூன்று பெண்கள். நடுவில் பிறந்தவளை வீட்டில் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு வாய். அவளுக்கு டீச்சர் வேலை கிடைத்தபோது, ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். யாருக்கும் அடங்காத வகுப்பைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்டிவிடுவார்கள். சத்தம் அதிகமானால் ஹெட்மாஸ்டர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். உள்ளே கூரை பறந்தாலும் வெளியே தெரியக் கூடாது. ஒருவர் வகுப்பை இன்னொருவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. உதவி கேட்டவள் வேலைக்கு லாயக்கில்லாதவள் என்று கணக்கு.

இவளுக்குக் கிடைத்தது ஏழாம் வகுப்பு. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் அவளுடைய தாய்மாமன், வேலையை விட்டுவிடு, கல்யாணத்தை முடித்துவிடலாம் என்றார். "தொண்டை சரியாகட்டும் மாமா, பதில் சொல்றேன்" என்றாள் காற்றுக் குரலில்.

மறுநாள் ஆசிரியர் அறையில், எல்லாரும் இருக்கும்போதே எழுந்து நின்றாள்.

"ஏழாம் வகுப்பு என் கைக்கு அடங்கல. யாராவது பின்னாடி உக்காந்து பாத்து, எங்க தப்புன்னு சொல்லுங்க."

ஒருவரும் நிமிரவில்லை. ஆளாளுக்கு டீயை ஆற்றினார்கள். பிள்ளைகள் ஒட்டகம் என்று பட்டப்பெயர் வைத்திருந்த சயின்ஸ் டீச்சர்தான் கடைசியில், அடுத்த பீரியட் தனக்கு ஓய்வு என்றாள். வந்து கடைசி பெஞ்சில் மடங்கி உட்கார்ந்தாள். முடிந்ததும் பூசி மெழுகவில்லை.

"போர்டு கிட்டயே பேசிட்டிருக்க. புள்ளைங்க பாக்கிறது உன் முதுகத்தான். முதுகுக்கு எவன் பயப்படுவான்?"

அதன்பிறகு போர்டில் எழுதும் வேலையைப் பிள்ளைகளிடமே முறை வைத்துக் கொடுத்தாள். இவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தாள். சத்தம் வந்த இடத்தில் போய்ப் பேச்சை நிறுத்திவிட்டு நின்றாள். வகுப்பு ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் இவள் குரல் கடைசி பெஞ்சு வரை போனது.

ஒருநாள் ஹெட்மாஸ்டர் வந்து பார்த்தார். கடைசி பெஞ்சில் அன்றும் ஒட்டகம் டீச்சர். அவர் முகம் கறுத்துக் கதவை இழுத்தார். இவள் குறுக்கே காலை வைத்தாள்.

"சாத்தாதீங்க சார்."

"வேலை நிரந்தரமாகணுமா, வேண்டாமா?"

"ஆகணும். அதனாலதான் அவங்கள வரச் சொன்னேன். நீங்களும் உக்காந்து பாருங்க. பாத்துட்டு என்ன வேணா எழுதுங்க."

பிள்ளைகள் முன்னால் திரும்பிப் போக அவருக்கும் வெட்கம். முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். வகுப்பு கப்சிப். வேறொருத்தியாக இருந்தால் அதையே பெருமையாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

"இந்த அமைதி உங்களுக்கு சார், எனக்கில்ல. என் வகுப்பு எப்படின்னு தெரியணும்னா தினமும் வாங்க" என்றாள் இவள்.

வீம்புக்கு அவரும் வந்தார். இரண்டொரு நாளில் பிள்ளைகள் அவரை மறந்துபோய், காகித அம்பு ஒன்று அவர் மடியிலேயே வந்து விழுந்தது. இவள் அதட்டவில்லை. விட்டவனுக்குப் பக்கத்தில் போய்ப் பேசாமல் நின்றாள். அவனாகவே புத்தகத்தைத் திறந்தான். கணக்குப் பாடம் தொடர்ந்தது.

வருடக் கடைசியில் ஹெட்மாஸ்டர் கையெழுத்துக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். வகுப்பில் சத்தம் உண்டு, ஹெட்மாஸ்டர் சொன்ன பேச்சை டீச்சர் கேட்பதில்லை, பாடம் நடக்கிறது என்று எழுதி, கீழே நிரந்தரம் என்று போட்டிருந்தார்.

நிதானமாகப் படித்துவிட்டு, "எல்லாமே சரிதான் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.