செருப்புக் காவல்

தையல் கடையில் அவளைப் பொத்தான் அக்கா என்பார்கள். பின்பக்கம், குழல் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து பொத்தான் வைப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் அவள் வேலை. அளவு பார்க்க வருகிறவர்கள் பையையும் போனையும் அவளிடம்தான் கொடுப்பார்கள். முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ, பார்க்கிறவர்கள் எல்லாம் எதையாவது பிடிக்கச் சொல்கிறார்கள்.

இந்த உத்தியோகம் சிறுவயதில், ஊர்க்கோடியில் இருந்த பொழுதுபோக்குப் பூங்காவில் தொடங்கியது. அவள் ஏறுகிற உயரத்துக்கு வளராத ஒரு வருடம், ராட்டினத்தில் ஏறுவதற்காகக் கீழே கழற்றி விட்டுப்போன அண்ணனின் புதுச் செருப்பை எவனோ கொண்டுபோய்விட்டான். அப்பா ஆடிய ஆட்டத்துக்கு முன்னால் ராட்டினம் தோற்றது. சுடுகிற தார் ரோட்டில் பையனை வெறுங்காலோடு வீடுவரை நடத்திக் கூட்டிவந்தார். அடுத்த வருடம் அம்மா, "யாராவது ஒருத்தர் கீழ நிக்கணும்" என்றாள். யாராவது ஒருத்தர் என்றால் வேறு யார்? வீட்டிலேயே வாயில்லாப் பூச்சி எதுவோ, அதுதான்.

அதனால் அந்தப் பூங்கா முழுவதையும் அவள் கீழேயிருந்தே அறிவாள். ஆடுகிற கப்பல் திரும்பும்போது அச்சு முனகும். மோதுகிற கார்களிடம் கருகல் வாசனை அடிக்கும். குதிரை ராட்டினத்தில் ஒரு குதிரைக்குக் காது கிடையாது. ராட்டினத்தில் அண்ணன் மேலே போகும்போதெல்லாம் கீழே எட்டிப் பார்ப்பான்; செருப்பு போய்விட்டதோ என்ற பயம். இருக்கிறது என்று காட்ட அவள் இரண்டையும் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பாள்.

இறங்கியதும் ஆசையாகக் கேட்பாள்: "மேலேர்ந்து என்ன தெரிஞ்சுது?"

"நீதான் தெரிஞ்ச. செருப்போட."

கிண்டல் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தக் கோபம் வயசானபிறகும் போகவில்லை. எல்லாருக்கும் ஊரே தெரிந்த இடத்தில் தனக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற ஆற்றாமை அது.

லாரி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அண்ணி காலமானபிறகு அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். பேச்சு நாலைந்து சொல்லாகச் சுருங்கிவிட்டது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருநாள் செய்தித்தாளில், பழைய ராட்டினத்தைக் கழற்றப் போகிறார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது. அண்ணன் இடது விரலால் அந்தப் படத்தைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"போலாம்."

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். கால் தானாக, சிறுவயதில் செருப்போடு நின்ற அந்த இரும்புக் கம்பியோரம் போய் நின்றது. அவன் பார்க்க ஆசைப்படுகிறான் என்றுதான் நினைத்தாள். அவனோ அவள் காலைக் காட்டினான்.

"கழட்டு. நீ போ. நான் நிக்கிறேன்."

நாற்காலியை விட்டு எழமுடியாதவன் நிற்கிறேன் என்கிறான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"காலம் போன காலத்துல எனக்கெதுக்குண்ணா? உன்னைத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது?"

அவன் நீட்டிய இடதுகையை மடக்கவில்லை. இனி ஒரு தடவை வரமுடியாது என்பது இருவருக்கும் தெரியும். பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் அவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள்.

பெட்டி ஆடி ஆடி மேலே போனது. உச்சியில் கூரைகள், சாலைகள், அதற்கப்பால் என்னென்னவோ இருந்தன. சின்ன வயதிலிருந்து அவள் ஏங்கிய ஊர் அதுதான். ஆனால் கண் அங்கே போகவில்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கீழே தேடினாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் ஒரு கை, ஜோடிச் செருப்பைத் தூக்கிப் பிடித்திருந்தது. அவள் கீழே வரும்போது இறங்கியது, மேலே போகும்போது மறுபடி ஏறியது. கடைசிச் சுற்றுவரை அவன் ஓயவில்லை.

இறங்கி வந்து அவன் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டாள். தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"என்ன... தெரிஞ்சுது?" என்றான்.

"நீதான் தெரிஞ்ச" என்றாள். "செருப்போட."