கதவைத் தொட்டு பிஸ்டன் எடுத்தவர்

உடம்பை வேகமாக்க முடியாது என்று தெரிந்தபின், பழைய பைக்கின் இன்ஜினையாவது வேகமாக்கலாம் என்று விருதுநகர் பட்டறைக்குப் போனேன். அங்கே தன் பந்தய பைக்குக்கு பிஸ்டன் பார்த்துக்கொண்டிருந்தார் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர். வேட்டியின் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. ஒவ்வொரு பிஸ்டனையும் எடுக்குமுன் இரும்புக் கதவை ஒருமுறை தொட்டார். பட்டாசு மருந்து அறைக்குள் நுழையுமுன், தீப்பொறி பறக்காமலிருக்க உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடும் பழக்கமாம்.

நான் தலை மேடான பிஸ்டன் ஒன்றை எடுத்தேன்.

“அண்ணாச்சி, அதை மாட்டுனீகன்னா கம்ப்ரெஷன் கூடிரும், உள்ள அழுத்தம் ஏறிரும். உங்க பழைய கனெக்டிங் ராடு தாங்காம வளைஞ்சிரும்” என்றார்.

“ராடையும் சேர்த்து மாத்திட்டா?”

என் தொப்பையை நிதானமாகப் பார்த்தார். “மாத்தலாம். பெறகு ஓட்டுறவுகளையும் மாத்தணுமே.”

சாதாரண பிஸ்டனே வாங்கினேன். அவர் காப்பாற்ற நினைத்தது ராடையா, என்னையா என்று இன்னும் விளங்கவில்லை.