வயரைப் பிடித்திருந்தவர்

பக்கத்தில் அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம். புதுப்பட்டினத்தில் வாடகைக்கு விடக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் சுவரில் டிரில்லிங் மிஷின் பிடித்துக்கொண்டிருந்தேன். மிஷினுக்குப் பிளக் கிடையாது. வயரின் நுனிகளைச் சீவி, தீக்குச்சி வைத்துப் பாயிண்டில் செருகியிருந்தோம். தரையெல்லாம் ஈரம். யாராவது கரண்டு அடித்துக் கத்தினால் வயரைப் பிடுங்குவதற்கென்று ஒரு சித்தாளை மேஸ்திரி உட்காரவைத்திருந்தார். புடவைமேல் ஆண்சட்டை போட்ட நடுவயதுக்காரர். காய்ந்த பலகையில் குந்தி, வயரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. மிஷினை நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னாமே, என் மூஞ்சியையே பாத்துகினு கீற?" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "கரண்டு இழுத்தா நீ கத்தறது இந்தச் சத்தத்துல கேக்காது தம்பி. அதான் மூஞ்சி கோணுதான்னு பாக்கறேன்" என்றார்.

மறுபடி மிஷினைப் போட்டேன். மாலைவரை சுவரைவிட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் துணிவில்லை.

இன்று எதிரில் வந்தாலும் அவருக்கு என்னைத் தெரிந்துவிடும். எனக்கு நினைவிருப்பது அந்தச் சட்டையும், சுண்ணாம்பில் வெடித்த விரல்களும்தான். அந்த முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.