பெரிய பிள்ளையைப் பெற்ற அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகிறது. தம்பியாகிய நான், அவர் வாழ்வில் உங்களில் பலருக்கும் உதவிய பகுதியை இங்கே எழுதுகிறேன்.

சுசீந்திரத்தில் பிறந்த அக்கா, தக்கலையில் வாழ்க்கைப்பட்டார். நல்ல உயரம், பூசினாற்போன்ற உடம்பு. முதல் பேறுகாலத்தில் நாள் கடந்துதான் வலி கண்டது. தலை வந்த பிறகு பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ள, மருத்துவர் பெரும்பாடுபட்டு எடுத்தார். ஆண் குழந்தை, நாலே முக்கால் கிலோ. நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் லட்டு கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

தான் தின்றதுதான் காரணமா என்று அக்கா கேட்டார். அவரைப் பழி சொல்ல ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். கர்ப்பத்தில் கூடிய சர்க்கரை பிள்ளைக்கும் போக, பிள்ளையின் உடம்பு இன்சுலினை அதிகமாகச் சுரந்து பெருத்திருக்கிறது. கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. தாயின் எடை, நாள் கடப்பது, முன்பே பெரிய பிள்ளை பெற்றிருப்பது, பெற்றோரின் உடல்வாகு எல்லாம் இதில் சேரும். ஆண்பிள்ளை என்றால் எடை இன்னும் சற்றுக் கூடலாம் என்றும் விளக்கினார்.

பிள்ளை தேறிவிட்டான். அடுத்த பேறுகாலத்தில் அக்கா தொடக்கத்திலேயே சர்க்கரை பார்த்தார், சோற்றைக் குறைத்தார், தினமும் நடந்தார். மகள் மூன்று கிலோ. மெலிந்திருக்கிறாளே என்று மாமியார் வருந்தியபோது, "மெலிவல்ல மாமி, அளவாப் பொறந்திருக்கா" என்றார்.

பின்னாளில் கர்ப்பிணியான என் மனைவியின் பெரிய வயிற்றைப் பார்த்து நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். அக்கா என்னைத் தனியே அழைத்து, "மக்கா, சுகர் பாத்தாச்சா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அவரே நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனார். சர்க்கரை கூடியிருந்தது. இன்சுலின் ஊசிக்கு மனைவி அழுதபோது பக்கத்திலிருந்து தேற்றினார். எங்கள் மகன் சுகமாகப் பிறந்தான்.

அக்காவுக்குச் சர்க்கரை பிற்பாடு நிலையாகவே வந்தது. அதை அவர் அடக்கியே வைத்திருந்தார். கொண்டுபோனது புற்றுநோய். கடைசி நாள்களில், உண்டாகியிருந்த மகள் அக்காவின் படுக்கையருகை விட்டு அசையவில்லை. "ஏட்டி, டெஸ்டுக்குப் போயிட்டு வா. நான் எங்கேயும் போகல்ல" என்றார் அக்கா. மகள் போய்வந்து, சர்க்கரை சரியாக இருப்பதைக் காதில் சொன்னாள். அக்கா சிரித்தார்.

அக்காவைப் பரிவோடு கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், எந்நேரமும் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், அடக்கம்வரை உடனிருந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டில் யாராவது உண்டானால் அக்கா இருந்தவரை போன் செய்து, "சுகர் பாத்தாச்சா?" என்று கேட்டுவந்தார். இனி நாங்கள் கேட்போம்.